சக ஒன்று

வின்னிப்பெக் மெயின் வீதி அடகுக்கடையில்
நூற்றி நாற்பது டொலருக்கு வாங்கின கமரா.
உள்ளே அட்டையில்
யாரோ விட்டுப்போன ஒரேயொரு படம்:
ஒரு நாய்.
வாய் பிளந்து, இரண்டு கண்ணும் ஊசிமுனை.
அழிக்க மனம் வரவில்லை.
முதல் மாதம் நான் எடுத்த அறுநூறையும் சேர்த்துப் பார்த்தால்
அந்த நாய்தான் திறம்.

வெள்ளை எனக்குப் புதிதில்லை.
ஒன்பது வருடமாக ஆஸ்பத்திரி லோண்டரியில் இரவு வேலை.
குளோரின் கூடின வெள்ளை,
மஞ்சள் தட்டின வெள்ளை,
நூறு தரம் துவைத்து நீலம் பூத்த வெள்ளை,
இரத்தம் போயும் போகாத வெள்ளை.
அரைத் தூக்கத்திலும் பிரித்து வைப்பேன்.
அப்படிப்பட்ட எனக்கு
பனி சாம்பலாய் விழுந்தது.

ரெட் ஆறு உறைந்து கிடக்கிறது,
பாலத்தடியில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்,
கண்ணைக் குத்தும் காலை வெயில்.
படத்தில் பார்த்தால்
அணைந்த அடுப்புக்குள் ஆட்கள் நடக்கிறார்கள்.

லென்ஸைத் துடைத்தேன்.
அடகுக்கடைக்காரனைத் திட்டினேன்.
நூலகத்தில் இரவல் எடுத்த புத்தகம்தான்
நாற்பத்தோராம் பக்கத்தில் சொன்னது:
கமராவுக்கு உலகம் முழுக்க நரை.
எதைக் காட்டினாலும் நடுவுக்கு இழுக்கும்.
பனியைக் கண்டால் இருட்டாக்கும்,
கரியைக் கண்டால் வெளுப்பாக்கும்.
இல்லை, இது வெள்ளைதான் என்று
நீ சொல்லவேண்டும் அதற்கு.

சொல்வதற்கு ஒரு சின்னச் சில்லு.
இந்தப் பக்கம் திருப்பினால் சக ஒன்று,
அந்தப் பக்கம் சய ஒன்று.
எட்டாம் வகுப்பில் என்னை அழவைத்த
அதே சகவும் சயவும்.

மறுநாள் வெளியே சய இருபத்தெட்டு பாகை.
பற்றரி இருபது நிமிடத்தில் செத்தது.
மற்றதைக் கக்கத்தில் வைத்து அடைகாத்திருந்தேன்.
கையுறை கழற்றி, விரல் மரத்துப்போக முன்னம்
சக ஒன்று.
பனி வெள்ளையாய் வந்தது.
மூக்குமயிர் உறைய உறைய
ஆற்றின் நடுவில் நின்று தனியச் சிரித்தேன்.

இதை அறிந்துதான் மெப்ராத் கேட்டாள்,
என்னோடு மடிக்கிறவள்,
அஸ்மாராவில் இருக்கும் தங்கைக்கு அனுப்ப ஒரு படம்.
வெள்ளைச் சீருடை, பின்னால்
கூரைமட்டும் அடுக்கின விரிப்புகள்.
எடுத்துக் காட்டினேன்.
கனநேரம் பார்த்தாள்.
"யூனிஃபோம் நல்லாயிருக்கு.
நான் எங்கே?"

காது சுட்டது எனக்கு.
விரிப்பில் மடிப்புத் தெரிகிறது, நூல் தெரிகிறது,
அதற்கு முன்னால் ஒரு இருட்டு,
இருட்டில் கொஞ்சம் பல்.
என் நிறத்தைவிட ஒரு பிடிதான் கூட.
நானும் இப்படித்தான் விழுந்திருப்பேன்.
ஒருவரும் என்னை எடுக்காததால் தெரியாமல் போயிற்று.

பனிக்குச் சொன்னதை இவளுக்குச் சொல்ல
எனக்கேன் தோன்றவில்லை?

சக ஒன்று. காணாது.
சக ஒன்றரை. கன்னம் வந்தது.
சக இரண்டு.
நெற்றியில் மூன்று கோடு,
தாடையில் ஒரு பழைய தழும்பு,
மேலுதட்டு வேர்வை
ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன.
பின்னால் விரிப்புகள் எரிந்துபோயின.
மடிப்பில்லை, நூலில்லை, வெறும் வெளிச்சம்.
ஒன்பது வருடம் நான் காத்துக் கொடுத்த வெள்ளை.
போனால் போகட்டும்.

அடுத்த வண்டில் வந்திட்டுது என்று
டென்னிஸ் கத்தும்வரை பதினான்கு படம்.
அவள் ஒன்றைத் தெரிந்தாள்.
கமராத் திரையைத் தன் போனால் படம் பிடித்து
அங்கேயே நின்று அனுப்பினாள்.

விடிய வீட்டுக்கு வந்து,
குளிரில் இருந்து வந்த கமரா வேர்க்காமலிருக்க
பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு மணிநேரம் வைத்து,
பிறகு கணினியில் பெருப்பித்தேன்.
கண் இரண்டும் பஞ்சு.
கூர்மை போய் விழுந்திருந்தது
காதில், தோட்டின் கொளுக்கியில்.
அதில் ஒரு கீறல்கூடத் தெரிகிறது.

நாயைப் பக்கத்தில் திறந்து வைத்தேன்.
வாய் பிளந்து என்னையே பார்க்கிறது.

மெப்ராத்துக்கு நாளைக்கு லீவு.
புதன் இரவு வருவாள்.